மென்பொருள் உரிமமும் அயலார் நீட்சிகளும்

ஒரு மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தோடு தொடர்பில்லாத வேறொருவர், அந்த மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் வகையில் எழுதும் நிரலை நீட்சி, செருகுநிரல், ஆட்-ஆன் எனப் பல பெயர்களில் அழைக்கின்றனர். உலாவியில் விளம்பரங்களை மறைக்கும் நிரல், கணினி விளையாட்டுக்குப் புதிய களங்களைச் சேர்க்கும் கோப்பு, கட்டட வரைபட மென்பொருளுக்கான கூடுதல் கருவிகள் ஆகியவை இதில் அடங்கும். மூல மென்பொருளின் உரிமையாளர் இத்தகைய நீட்சிகளை விரும்பாவிட்டால், தம் உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அவற்றைத் தடுத்துவிட முடியுமா என்பது நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றங்களைச் சுற்றிவரும் கேள்வி. வழக்குகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்ததால் இதன் வரலாறும் பெரும்பாலும் அமெரிக்க வரலாறாகவே இருக்கிறது.

பதில் சிக்கலாவதற்குக் காரணம், 'உரிமம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருப்பதுதான். ஒன்று பதிப்புரிமை, அது சட்டம் தரும் உரிமை, முன்பின் அறியாத எவரையும் கட்டுப்படுத்தும். மற்றொன்று ஒப்பந்தம், அது ஒருவர் கொடுத்த வாக்கு, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியவரை மட்டுமே கட்டுப்படுத்தும். நீட்சிகளுக்கு எதிராக முதலாவது ஆயுதம் படிப்படியாக மழுங்கியது. இரண்டாவது, பெரும்பாலானோர் கவனிக்காத வேளையில், கூர்மையடைந்தது.

மையும் படச்சுருளும்

இந்தச் சண்டை கணினிக்கும் முந்தியது. சிகாகோவைச் சேர்ந்த ஏ.பி. டிக் நிறுவனம் சுழல் படியெடுப்புப் பொறிகளை விற்றுவந்தது. தமிழ்நாட்டு அலுவலகங்களும் பள்ளிகளும் சைக்ளோஸ்டைல் என்று அறிந்திருந்த வகைப் பொறி அது. ஒவ்வொரு பொறியிலும் ஓர் அறிவிப்பு பொருத்தப்பட்டிருந்தது. அந்த நிறுவனம் தயாரிக்கும் ஸ்டென்சில் தாள், மை முதலிய பொருள்களோடு மட்டுமே பொறியைப் பயன்படுத்தலாம் என்ற 'உரிமக் கட்டுப்பாடு' அதில் எழுதப்பட்டிருந்தது. மையில் காப்புரிமை எதுவும் இல்லை. இருந்தும், அந்தப் பொறி வைத்திருந்த ஒருவருக்கு வேறு மை விற்ற வணிகர் காப்புரிமை மீறலுக்குத் துணைபோனார் என்று 1912-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி எட்வர்ட் ஒயிட், இந்த வழியில் போனால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். காப்புரிமை பெற்ற இழைப்புளியை விற்பவர், தாம் சொல்லும் ஆலையில் அறுத்த மரத்தை மட்டுமே இழைக்க வேண்டும் என்று தச்சரைக் கட்டுப்படுத்தலாம். சமையல் பாத்திரம் விற்பவர், தம்மிடம் வாங்கும் உணவுப் பொருளை மட்டுமே அதில் சமைக்க வேண்டும் என்று சொல்லலாம். நூறாண்டுக்குப் பிறகு அச்சுப்பொறி வாங்கி, அதே நிறுவனத்தின் மைப்பெட்டியைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை பழையதாகத் தோன்றாது.

ஐந்தே ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. எடிசனின் நிறுவனமும் பிற திரைப்பட நிறுவனங்களும் சேர்ந்து அமைத்திருந்த மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் நிறுவனம், படமோட்டும் கருவிகளில் இதே போன்ற தகட்டைப் பொருத்தி, தான் அனுமதித்த படச்சுருள்களை மட்டுமே ஓட்டலாம் என்றது. யூனிவர்சல் நிறுவனத்தின் படங்களை நியூயார்க் திரையரங்கு ஒன்று ஓட்டியபோது வழக்கு வந்தது. 1917-இல் உச்ச நீதிமன்றம், கருவியின் மீதுள்ள காப்புரிமை அக்கருவியோடு பயன்படுத்தப்படும் பொருள்களுக்கு நீளாது என்று கூறி, 1912 தீர்ப்பை வெளிப்படையாகவே கைவிட்டது. இடையில் 1914-இல் நாடாளுமன்றம் இயற்றிய கிளேட்டன் சட்டமும் இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு எதிராகக் காற்று திரும்பிவிட்டதைக் காட்டியது.

ஒரு பைட்டை மாற்றியவர்கள்

மென்பொருளில் முதல் சண்டைகள் விளையாட்டுக் கூடங்களில் தொடங்கின. மிட்வே நிறுவனத்தின் 'கேலக்சியன்' விளையாட்டில் கைதேர்ந்த சிறுவர்கள் ஒரே நாணயத்தில் நெடுநேரம் ஆடினார்கள். கூட உரிமையாளருக்கு வருமானம் குறைந்தது. ஆர்டிக் என்ற நிறுவனம் ஆட்டத்தை வேகப்படுத்தும் மின்சுற்றுப் பலகையை விற்றது. 1983-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வேகமாக்கப்பட்ட ஆட்டம் மூல ஆட்டத்தின் வழிப்படைப்பு என்று தீர்ப்பளித்தது. வழிப்படைப்பு என்பது ஒரு மூலப் படைப்பை அடிப்படையாகக் கொண்டு எழுவது. நாவலிலிருந்து எடுக்கப்படும் திரைப்படம், மொழிபெயர்ப்பு போன்றவை அதற்கு எடுத்துக்காட்டுகள். அதை உருவாக்கும் உரிமை மூல ஆசிரியருக்கே உரியது. இந்த விளக்கம் நிலைத்திருந்தால் இன்று நீட்சி என்ற ஒன்றே இருந்திருக்காது.

அதை மாற்றியது ஒரு பொம்மை நிறுவனம். பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கிய 'கேம் ஜீனி' என்ற சிறு கருவியை அமெரிக்காவில் லூயிஸ் கலூப் டாய்ஸ் நிறுவனம் விற்க முன்வந்தது. நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டிக்கும் ஆட்டப் பேழைக்கும் நடுவில் இதைச் செருக வேண்டும். ஆடுபவர் ஒரு குறியீட்டைத் தட்டினால், பேழையிலிருந்து செயலிக்குப் போகும் ஒரு குறிப்பிட்ட பைட்டை அது தடுத்து, வேறொரு மதிப்பைக் கொடுக்கும். ஆட்டக்காரருக்கு உயிர்கள் கூடும், அல்லது பாத்திரம் உயரமாகத் தாவும். பேழையில் உள்ள நிரலில் ஓர் எழுத்துகூட மாறாது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நின்டெண்டோ 1990-இல் நீதிமன்றத் தடை பெற்றது. ஓராண்டு காலம் கேம் ஜீனி அமெரிக்கக் கடைகளுக்கு வரவில்லை. 1991-இல் மாவட்ட நீதிமன்றம் தடையை நீக்கியது. 1992 மே மாதம் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழிப்படைப்பு என்று சொல்ல வேண்டுமானால் அது மூலப் படைப்பின் ஒரு பகுதியை ஏதேனும் ஒரு நிலையான வடிவில் உள்ளடக்கியிருக்க வேண்டும். கேம் ஜீனி எதையும் உள்ளடக்கவில்லை, வெறுமனே மூலத்தின் வெளியீட்டை மேம்படுத்துகிறது என்றது நீதிமன்றம். அது சொன்ன உவமைகளில் ஒன்று கலைடாஸ்கோப்: ஓவியத்தை நோக்கி அதைத் திருப்பினால் புதிய ஓவியம் பிறந்துவிடுவதில்லை. மற்றொன்று நேரடியாக மென்பொருள் உலகிலிருந்து வந்தது. சொற்செயலிக்குள் இயங்கும் பிழைதிருத்தியை வேறொரு நிறுவனம் விற்கிறது; இரண்டும் சேர்ந்த கலவையை வழிப்படைப்பு என்றால் அத்தகைய கருவிகளைத் தயாரிக்கவே முடியாமல் போகும் என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர். நீட்சி எழுதுவோருக்கு இன்றுவரை கிடைத்த மிக வலுவான வரிகளில் இவை அடங்கும்.

தவறான தடையால் இழந்த விற்பனைக்காக, நின்டெண்டோ பிணையாகக் கட்டியிருந்த 1.5 கோடி டாலரும் கலூப்புக்குப் போனது.

அதே 1992-இல் அதே நீதிமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. அக்கொலேட் என்ற விளையாட்டு நிறுவனம், சேகாவின் ஜெனிசிஸ் பெட்டியில் ஓடும் ஆட்டங்களைத் தயாரிக்க விரும்பியது. சேகாவிடம் உரிமம் பெற்றால் அக்கொலேட்டின் எல்லா ஆட்டங்களையும் சேகாவே தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் பேச்சு முறிந்தது. அக்கொலேட்டின் பொறியாளர்கள் கடையில் ஒரு ஜெனிசிஸ் பெட்டியையும் மூன்று ஆட்டப் பேழைகளையும் வாங்கி, அவற்றின் இயந்திர மொழி நிரலை மனிதர் படிக்கும் வடிவத்துக்குப் பிரித்தெடுத்து, பெட்டியோடு பேசும் வழியை மட்டும் குறித்துக்கொண்டனர். பிறகு சொந்தமாக ஆட்டங்களை எழுதினர். 1991 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் சேகா காட்டிய புதிய ஜெனிசிஸ் பெட்டியில் அக்கொலேட்டின் 'இஷிடோ' ஆட்டம் ஓட மறுத்தது. பேழையின் குறிப்பிட்ட இடத்தில் 'சேகா' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகள் இருந்தால்தான் புதிய பெட்டி திறக்கும். இருந்தால், இது சேகாவின் உரிமத்தோடு தயாரிக்கப்பட்டது என்ற அறிவிப்பும் திரையில் தோன்றும். அக்கொலேட் அந்த நான்கெழுத்தையும் சேர்த்தது. சேகா வழக்குத் தொடுத்தது.

பாதுகாக்கப்படாத செயல்முறைகளை அறிய வேறு வழியே இல்லாதபோது, நியாயமான காரணத்துக்காக நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயப் பயன்பாடு என்று தீர்ப்பு வந்தது. திரையில் பொய்யான அறிவிப்பு தோன்றியதற்கும் சேகாவின் பூட்டே காரணம் என்றனர் நீதிபதிகள். வென்ற அக்கொலேட் 1993-இல் சேகாவின் அதிகாரபூர்வ உரிமதாரராகச் சேர்ந்துவிட்டது தனிக்கதை.

எப்படிப் படிக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதை அட்டாரி கேம்ஸ் கற்றுக்கொண்டது. நின்டெண்டோவின் பூட்டு நிரலை, வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லிப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து வாங்கிப் படித்த அந்நிறுவனம் அதே 1992-இல் மேல்முறையீட்டில் தோற்றது.

பெட்டியின் மேல் ஒட்டிய ஒப்பந்தம்

பதிப்புரிமைச் சட்டம் இவ்வாறு தளர்ந்துகொண்டிருந்தபோது நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வேறொரு பாதையில் நடந்தனர். வட்டின் மேலுறையைக் கிழித்தாலே ஒப்பந்தத்துக்கு உட்பட்டதாகக் கருதப்படும் என்ற அறிவிப்பு 1980-களில் பரவியது. முதலில் நீதிமன்றங்கள் இதை மதிக்கவில்லை. வால்ட் என்ற நிறுவனத்தின் படியெடுப்புத் தடுப்பு நிரலை குவெய்ட் நிறுவனம் பிரித்துப் படித்தது தொடர்பான வழக்கில், அத்தகைய ஒப்பந்தத்துக்கு வலுவூட்டிய லூசியானா மாநிலச் சட்டத்தின் பகுதி கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று 1988-இல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் கூறியது.

1996-இல் நிலைமை திரும்பியது. தொலைபேசி எண்களின் தரவுத்தளம் ஒன்றைப் பற்றிய புரோசிடி வழக்கில், பெட்டிக்குள் இருக்கும் ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்று ஏழாவது வட்டாரத்தின் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் எழுதினார். நிபந்தனை பிடிக்காதவர் பொருளைத் திருப்பித் தரலாம் அல்லவா என்பது அவரது வாதத்தின் மையம். பதிப்புரிமை உலகத்தார் எல்லோரையும் கட்டுப்படுத்துவது, ஒப்பந்தம் இருவரை மட்டுமே கட்டுப்படுத்துவது, எனவே ஒன்று மற்றொன்றுக்கு முரணாகாது என்றும் அவர் கூறினார். கோட்பாட்டளவில் இது சரி. கோடிக்கணக்கான பேர் ஒரே ஒப்பந்தத்துக்குத் தலையாட்டும்போது அது 'இருவருக்கிடையே' என்று எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதே சிக்கல்.

இந்த மாற்றத்தின் கனம் 2003-இல் தெரிந்தது. கேட்கீ என்ற வரைபட மென்பொருளுக்கு இரண்டு தரப்பினர் கூடுதல் கருவிகளை விற்றுவந்தனர்: பவர்ஸ் என்பவர் ஒருபுறம், பேஸ்டேட் என்ற நிறுவனம் மறுபுறம். பவர்ஸின் பெட்டியில் எதிர்ப்பொறியியலைத் தடுக்கும் வாசகம் இருந்தது. பேஸ்டேட் அதை மீறியது என்று நடுவர் குழு முடிவுசெய்து, ஒப்பந்த மீறலுக்கு மட்டும் 38 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. கூட்டாட்சி வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டம் அனுமதிக்கும் ஒன்றை ஒப்பந்தத்தால் கைவிடலாம் என்பதே அதன் பொருள். பேரம் பேச இடமில்லாத அச்சிட்ட தாளால் நியாயப் பயன்பாடு முழுவதையும் அழித்துவிடலாமா என்று நீதிபதி டைக் தம் மாறுபட்ட கருத்தில் கேட்டார், பெரும்பான்மை அசையவில்லை. 2005-இல் எட்டாவது வட்டார நீதிமன்றமும் பிளிசார்ட் நிறுவனத்தின் ஆட்டங்களுக்கு மாற்று வழங்கி எழுதிய ஆர்வலர்களின் வழக்கில் இதே வழியைப் பின்பற்றியது. அந்த ஆர்வலர்கள் விற்பனைக்காக எதையும் செய்யவில்லை. 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருந்தார்கள்.

பதிப்புரிமையும் முழுவதுமாகக் கைவிட்டுவிடவில்லை. 'டியூக் நியூகெம் 3டி' ஆட்டத்தோடு களம் அமைக்கும் கருவியும் வந்தது. ரசிகர்கள் தாங்கள் அமைத்த களங்களை இலவசமாகப் பகிரலாம் என்பது நிபந்தனை. மைக்ரோ ஸ்டார் நிறுவனம் இணையத்திலிருந்து அப்படிப்பட்ட 300 களங்களை இறக்கி, குறுவட்டில் போட்டு விற்றது. அந்தக் கோப்புகளில் ஆட்டத்தின் படங்கள் எதுவும் இல்லை. எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருந்தன. ஆயினும் 1998-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் அவற்றை வழிப்படைப்புகள் என்றது. டியூக் நியூகெமின் புதிய சாகசங்களை நிலையான வடிவில் விவரிக்கும் கோப்பு, அந்தக் கதையின் தொடர்ச்சி என்பது அதன் விளக்கம். அனுமதி இலவசப் பகிர்வுக்கே, விற்பனைக்கு அல்ல. கருவி போன்ற நீட்சிக்கும் கதை போன்ற நீட்சிக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது என்பது இவ்வழக்கில் தெளிவானது.

தீர்ப்பு வராத வழக்கு

பெரும்பாலான நீட்சிகள் நீதிமன்றத்தில் சாவதில்லை. ஒரு கடிதத்தில் சாகின்றன. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ 2005-இன் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரசில் நீட்சிகளைச் சேர்க்கும் வசதி வேண்டுமென்றே நீக்கப்பட்டிருந்தது. அது கட்டணப் பதிப்பின் சிறப்பு. பிரிட்டனைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் எழுதிய டெஸ்ட்டிரிவன்.நெட் என்ற சோதனைக் கருவி எக்ஸ்பிரசிலும் இயங்கியது. அவர் எதையும் உடைக்கவில்லை, மென்பொருளில் ஏற்கெனவே இருந்த இடைமுகங்களையே பயன்படுத்தினேன் என்றார். மென்பொருளின் தொழில்நுட்ப வரம்புகளைச் சுற்றிப்போகக் கூடாது என்ற உரிம வாசகத்தை நிறுவனம் சுட்டிக்காட்டியது. நீண்ட மின்னஞ்சல் வாக்குவாதத்துக்குப் பிறகு 2007-இல் வழக்கறிஞர் கடிதம் வந்தது. எக்ஸ்பிரசுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. 'வரம்பைச் சுற்றிப்போவது' என்றால் சட்டப்படி என்ன என்பதை எந்த நீதிபதியும் சொல்ல நேரவில்லை. தனிமனிதர் ஒருவர் அதைச் சொல்லவைக்கும் செலவைத் தாங்குவது கடினம். 2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நீட்சி வசதியோடு கூடிய விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி என்ற இலவசப் பதிப்பைத் தானாகவே வெளியிட்டது. சந்தைப் போட்டி மாறியதும், அதுவரை விட்டுக்கொடுக்க முடியாததாக இருந்த உரிம வரம்பு தேவையற்றதாகிவிட்டது.

கிளைடர்

நீதிமன்றம் விரிவாகப் பேசிய வழக்கு, பிளிசார்டின் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தைப் பற்றியது. 2004-இல் வெளியான இந்த ஆட்டத்துக்கு இடைமுக நீட்சிகளை லுவா மொழியில் எழுத நிறுவனமே வழி செய்திருந்தது. ஆனால் 2005-இல் எம்டிஒய் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'கிளைடர்' வேறு வகை. ஆட்டக்காரர் தூங்கும்போதும் அவருக்காக ஆடி, படிநிலைகளைத் தாண்டித் தரும் தானியங்கி அது. 2008-க்குள் சுமார் 1,20,000 உரிமங்கள் விற்றன. பயன்பாட்டு நிபந்தனைகள் தானியங்கிகளைத் தடைசெய்திருந்தன.

பிளிசார்டின் வாதம் நுட்பமானது. ஆட்டத்தைத் தொடங்கும்போது அதன் நிரல் கணினியின் நினைவகத்துக்குப் படியெடுக்கப்படுகிறது. 1993-ஆம் ஆண்டின் எம்ஏஐ வழக்கின்படி அதுவும் ஒரு படி. அந்தப் படியெடுக்கும் அனுமதி உரிமத்தால் வருகிறது. உரிமத்தை மீறினால் அனுமதி போகும். அனுமதி போனால் ஒவ்வொரு முறை ஆடுவதும் பதிப்புரிமை மீறல். அதற்குத் துணைபோன கிளைடரும் குற்றவாளி. மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்று, 60 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. வட்டை வாங்கியவர் அதன் உரிமையாளராகக் கருதப்பட்டால் இந்த வாதம் எழாது. அமெரிக்கச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, படியின் உரிமையாளருக்கு அதை நினைவகத்தில் ஏற்றும் உரிமையைத் தருகிறது. ஆனால் 2010 செப்டம்பரில் ஆட்டோடெஸ்க் வழக்கில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம், இத்தகைய உரிமங்களோடு மென்பொருள் வாங்கியவர் உரிமையாளர் அல்லர், உரிமதாரரே என்று சொல்லியிருந்தது.

ஆகவே 2010 டிசம்பரில் கிளைடர் தீர்ப்பு வந்தபோது பலர் பிளிசார்டின் முழு வெற்றியை எதிர்பார்த்திருக்கக் கூடும். நீதிமன்றம் வேறொரு கோடு கிழித்தது. உரிமத்தின் வாசகங்கள் இரண்டு வகை: அனுமதியின் எல்லையை வரையறுக்கும் நிபந்தனைகள், ஆட்டக்காரர் தரும் வெறும் வாக்குறுதிகள். படியெடுத்தல், பரப்புதல், வழிப்படைப்பு உருவாக்குதல் போன்ற பதிப்புரிமையின் தனியுரிமைகளோடு தொடர்புடைய மீறல் மட்டுமே பதிப்புரிமை மீறலாகும். தானியங்கியைப் பயன்படுத்துவது ஒப்பந்த மீறல்தான், அதற்கு மேல் இல்லை. இப்படிப் பிரிக்காவிட்டால் ஒரு மென்பொருள் நிறுவனம் தனக்குப் பிடிக்காத எந்தச் செயலையும் ஒரு வரி எழுதிப் பதிப்புரிமை மீறலாக்கிவிட முடியும் என்றனர் நீதிபதிகள். பெயரளவில் நுணுக்கமாகத் தோன்றினாலும் இந்த வேறுபாட்டின் விலை பெரிது: அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் உண்மையான நட்டத்தை நிறுவாமலேயே பெருந்தொகை பெற வழிதருகிறது, ஒப்பந்தச் சட்டம் நட்டத்தை நிறுவச் சொல்கிறது, ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் தரப்பை அதனால் எளிதில் தொடவும் முடியாது.

எம்டிஒய் முழுதாகத் தப்பவில்லை. ஏமாற்றுக் கருவிகளைத் தேடும் பிளிசார்டின் 'வார்டன்' நிரலைத் தாண்டியதற்காக, 1998-ஆம் ஆண்டின் எண்மிய ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அது பொறுப்பாக்கப்பட்டது. பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிய இந்தச் சட்டம் நிறுவனங்களுக்குக் கிடைத்த மூன்றாவது ஆயுதம். அச்சுப்பொறி நிறுவனமான லெக்ஸ்மார்க் இதைக்கொண்டே மைப்பெட்டிச் சில்லுகளை விற்ற ஸ்டாட்டிக் கன்ட்ரோல் நிறுவனத்தைத் தடுக்க முயன்று 2004-இல் ஆறாவது வட்டார நீதிமன்றத்தில் தோற்றது. அதே லெக்ஸ்மார்க், 'ஒருமுறை மட்டுமே பயன்படுத்த' என்ற நிபந்தனையோடு விற்ற மைப்பெட்டிகளைப் பற்றிய வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. விற்றவுடன் காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்றது நீதிமன்றம். படமோட்டும் கருவித் தீர்ப்பு வந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மென்பொருளுக்கு இந்த ஆறுதல் முழுதாகக் கிடைப்பதில்லை. அது 'விற்கப்படுவதே' இல்லையே.

கட்டற்ற மென்பொருள் உலகிலும் இதே கோடு ஓடுகிறது. ஜிபிஎல் உரிமம், வழிப்படைப்புகளும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும் என்கிறது. வேர்டுபிரஸ் செருகுநிரல்கள் வழிப்படைப்புகளா என்ற சச்சரவு அதிலிருந்து எழுந்தது. நீட்சி வழிப்படைப்பு அல்ல என்று வாதாடுபவர், பெருநிறுவனத்தின் கையைக் கட்டும்போதே ஜிபிஎல்-இன் கையையும் சேர்த்துக் கட்டுகிறார்.

ஐரோப்பாவும் இந்தியாவும்

ஐரோப்பா இந்தக் குழப்பத்தை 1991-இலேயே முன்கூட்டிப் பார்த்தது. அவ்வாண்டின் மென்பொருள் நெறியாணை, தனித்து உருவாக்கப்பட்ட ஒரு நிரல் மற்றொன்றோடு இயைந்து இயங்கத் தேவையான தகவலுக்காக நிரலைப் பிரித்துப் படிக்க அனுமதித்தது. அதைவிட முக்கியமானது அடுத்து வந்த வரி: இதற்கு முரணான ஒப்பந்த வாசகங்கள் செல்லாது. அமெரிக்காவில் பேஸ்டேட்டை வீழ்த்திய வகை வாசகம், இயைந்து இயங்குவதற்கான தேவையைப் பொறுத்தவரை ஐரோப்பாவில் வெறும் மை.

இந்தியா 1999-இல் தன் 1957 பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, 52-ஆம் பிரிவில் இதே போன்ற விதிவிலக்கைச் சேர்த்தது. சட்டப்படி மென்பொருளை வைத்திருப்பவர், வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலாக இருந்தால், இயைந்து இயங்குவதற்குத் தேவையான செயலைச் செய்யலாம். நிரலின் இயக்கத்தைக் கவனித்து, ஆராய்ந்து, சோதித்து அதன் அடிப்படைக் கருத்துகளை அறியலாம். ஐரோப்பிய நெறியாணையின் முதல் பாதி இதில் இருக்கிறது. முரணான ஒப்பந்தம் செல்லாது என்ற இரண்டாம் பாதி இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ நீட்சி எழுதும் ஒருவர், பதிப்புரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பைத் தாம் அழுத்திய 'ஏற்கிறேன்' பொத்தான் பறித்துவிட்டதா என்பதை ஒப்பந்தச் சட்டத்திலும் போட்டிச் சட்டத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

இரு கண்டங்களின் வேறுபாட்டை ஒரே வழக்கில் காணலாம். புள்ளியியல் மென்பொருள் தயாரிக்கும் சாஸ் நிறுவனத்தின் நிரல்களை அப்படியே ஓட்டக்கூடிய மாற்று மென்பொருளை பிரிட்டனின் வேர்ல்டு புரோகிராமிங் நிறுவனம் எழுதியது. அதற்காக சாஸின் கற்றல் பதிப்பை வாங்கிக் கவனித்தது. உற்பத்திப் பயன்பாட்டுக்கு அல்ல என்று உரிமம் சொன்னது. 2012 மே மாதம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மென்பொருளின் செயல்பாடும் நிரல்மொழியும் கோப்பு வடிவமும் அந்த நெறியாணையின்கீழ் பாதுகாக்கப்படுவதில்லை, கவனித்து ஆராயும் உரிமையை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்றது. அதே உண்மைகளைக் கொண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் 2015-இல் சாஸ் ஒப்பந்த மீறலுக்கும் மோசடிக்கும் தீர்ப்புப் பெற்றது, 2.64 கோடி டாலர் இழப்பீடு மாநிலச் சட்டப்படி மும்மடங்காகி 7.9 கோடி டாலரைத் தாண்டியது. அந்தத் தொகையை பிரிட்டனில் வசூலிக்க முயன்றபோது ஆங்கிலேய நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. பின்னர் அமெரிக்காவிலேயே சாஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கு 2023-இல் மேல்முறையீட்டில் தோற்றது.

இன்னும் இரு தீர்ப்புகள் 2024-இன் இறுதிக் காலாண்டைச் சேர்ந்தவை. ஆரக்கிளின் மென்பொருள்களுக்குப் பராமரிப்புச் சேவை தரும் ரிமினி ஸ்ட்ரீட் எழுதிய நிரல்கள், ஆரக்கிளின் மென்பொருளோடு மட்டுமே இயங்கக்கூடியவை என்பதாலேயே வழிப்படைப்புகள் என்று மாவட்ட நீதிமன்றம் கூறியிருந்தது. டிசம்பரில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: இயைந்து இயங்குவது மட்டும் போதாது, மூலத்தின் பகுதி உள்ளே இருக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 17 அன்று, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சோனிக்கும் டேட்டெல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் தன் விளக்கத்தைத் தந்தது. டேட்டெலின் 'ஆக்‌ஷன் ரீப்ளே', சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவியில் ஓடும் பந்தய ஆட்டத்தில் நினைவகத்தில் உள்ள மாறிகளின் மதிப்பை மாற்றி, வரம்பில்லாத வேகமூட்டலைத் தந்தது. நிரலைத் தொடாமல் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது நிரலின் பதிப்புரிமையை மீறாது என்றது நீதிமன்றம். கேம் ஜீனி வழக்கில் ஒன்பதாவது வட்டாரம் 32 ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த இடத்துக்கு வேறு பாதையில் வந்த தீர்ப்பு இது. ஜெர்மன் நீதிமன்றங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல் நடந்த இந்த வழக்கில் விளக்கம் கிடைத்தபோது, பிஎஸ்பி கருவியின் விற்பனையை சோனி 2014-இலேயே நிறுத்தியிருந்தது.